சிங்கிள்டன்: ஒன்று என்றால் எதற்குள் ஒன்று?

இந்த முறை வந்த கேள்விகளில் ஏழு, சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. அதனால் பக்கம் முழுவதையும் சிங்கிள்டனுக்கே, அதாவது ஒரு கிளாஸிலிருந்து ஒரே ஓர் ஆப்ஜெக்ட் மட்டும் உருவாகும்படி புரோகிராம் எழுதும் முறைக்கே, கொடுத்துவிட்டேன். மற்றவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: செய்முறைத் தேர்வில் ‘சிங்கிள்டன் டிசைன் பேட்டர்னைச் செய்து காட்டுக’ என்று வந்தது. ஜாவாவில் எழுதினேன், ஓடியது. எக்ஸ்டர்னலாக வந்தவர், ‘ஒரே ஆப்ஜெக்ட்தான் இருக்கிறது என்பதற்கு என்ன அத்தாட்சி? எல்லாவற்றையும் ஸ்டாட்டிக் என்று போட்டிருந்தால் போதாதா?’ என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.
பொறியியல் மாணவர், விருதுநகர்

ப: அவர் கேட்ட இரண்டுமே நல்ல கேள்விகள் தம்பி, பாடம் நடத்தும்போதே யாராவது கேட்டிருக்க வேண்டும். முதலில் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிளாஸ் (ஆப்ஜெக்ட்களை வார்க்கும் அச்சு) இருந்தால் யார் வேண்டுமானாலும் ‘நியூ’ போட்டு எத்தனை ஆப்ஜெக்ட் வேண்டுமானாலும் உருவாக்கிக்கொள்ளலாம் என்பதுதான் வழக்கம். சிங்கிள்டனில் அந்த உரிமையைப் பிடுங்கிவிடுகிறோம். ஆப்ஜெக்டை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரைப் பிரைவேட் ஆக்கினால் வெளியிலிருந்து யாரும் நியூ போட முடியாது. கிளாஸுக்குள்ளேயே ஒரு ஸ்டாட்டிக் மாறியில் (தனித்தனி ஆப்ஜெக்டுக்கு இல்லாமல் கிளாஸுக்கே உரியது) அந்த ஒரே ஆப்ஜெக்ட் இருக்கும், கேட்பவர்களுக்கு அதை எடுத்துக் கொடுக்க ஒரு பப்ளிக் ஸ்டாட்டிக் மெத்தட் இருக்கும், அதற்கு வழக்கமாக கெட்இன்ஸ்டன்ஸ் என்று பெயர் வைப்பார்கள். முதல் தடவை கேட்கும்போது மாறி ‘நல்’ (null, அதாவது காலி) ஆக இருந்தால் அப்போது உருவாக்கும், அடுத்த தடவையிலிருந்து இருப்பதையே கொடுக்கும். அவ்வளவுதான்.

இதைச் ‘செய்து காட்டுவது’ என்றால் பெரும்பாலும் கெட்இன்ஸ்டன்ஸை இரண்டு தடவை அழைத்து, இரண்டின் ஹேஷ்கோடையும் (ஆப்ஜெக்டுக்கு ஜாவா கொடுக்கும் ஓர் எண்) அச்சிட்டு, ஒரே எண் வந்துவிட்டது பாருங்கள் என்று ரெக்கார்டில் எழுதுகிறார்கள். அது அத்தாட்சி ஆகாது, ஏனென்றால் இரண்டு வேறு ஆப்ஜெக்ட்களுக்கு ஒரே ஹேஷ்கோடு வருவதை ஜாவா தடுப்பதில்லை. இரட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிடுங்கள், அது இரண்டு மாறியும் ஒரே ஆப்ஜெக்டைத்தான் காட்டுகின்றனவா என்று நேரடியாகச் சொல்லும். அப்புறம் கன்ஸ்ட்ரக்டருக்குள் ‘உருவாகிறேன்’ என்று ஒரு வரி அச்சிடச் சொல்லிவிட்டு, கெட்இன்ஸ்டன்ஸைப் பத்துத் தடவை அழையுங்கள், திரையில் அந்த வரி ஒரு தடவைதான் வர வேண்டும். முதல் மாறி வழியாக ஒரு மதிப்பை மாற்றி, இரண்டாவது மாறி வழியாகப் படித்துக் காட்டுங்கள். கடைசியாக, வேறொரு கிளாஸிலிருந்து வேண்டுமென்றே நியூ போட்டு, கம்பைலர் கொடுக்கும் பிழைச் செய்தியை அப்படியே ரெக்கார்டில் ஒட்டுங்கள். என்னைக் கேட்டால் இந்தப் பிழைச் செய்திதான் முதல் அத்தாட்சி, மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஸ்டாட்டிக் போதாதா என்பதற்கு ஜாவாவுக்குள்ளேயே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன. மேத் என்ற கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரும் பிரைவேட்தான், ஆனால் அதில் எல்லாமே ஸ்டாட்டிக், ஆப்ஜெக்ட் என்று ஒன்று பிறப்பதே இல்லை. வர்க்கமூலம் கண்டுபிடிக்க ஆப்ஜெக்ட் எதற்கு? ரன்டைம் என்ற கிளாஸ் அப்படி இல்லை, கெட்ரன்டைம் என்று கேட்டால் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமைக் குறிக்கும் ஒரே ஆப்ஜெக்டைக் கொடுக்கும். உண்மையான ஆப்ஜெக்ட் கையில் இருந்தால் அதை ஒரு மெத்தடுக்கு அனுப்பலாம், அது ஓர் இன்டர்ஃபேஸைச் செயல்படுத்தலாம், நாளைக்கு அதன் இடத்தில் வேறொன்றை வைக்கலாம். வெறும் ஸ்டாட்டிக் மெத்தட்களின் மூட்டையை வைத்து இதைச் செய்ய முடியாது. அடுத்த முறை இதைச் சொல்லுங்கள், எக்ஸ்டர்னல் சந்தோஷப்படுவார்.

கே: ஜவுளிக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதித் தருகிறேன். கடையில் ஒரு சர்வர், நான்கு கவுன்ட்டர்கள். பில் எண் கொடுக்க ஒரு சிங்கிள்டன் வைத்திருக்கிறேன். தீபாவளிக் கூட்டத்தில் இரண்டு வாடிக்கையாளர்களுக்கு ஒரே பில் எண் போய்விட்டது. ஒரே ஆப்ஜெக்ட் இருக்கும்போது இது எப்படி நடக்கும்?
மென்பொருள் செய்பவர், ஈரோடு

ப: உங்கள் புரோகிராமை நான் பார்க்கவில்லை, ஆனால் இப்படி ஆவதற்கு மூன்று ஓட்டைகள் உண்டு, மூன்றையும் அடைத்துவிடுங்கள்.

முதலாவது, அந்த நல் சோதனை. கடை திறந்ததும் இரண்டு கவுன்ட்டர்களிலிருந்து ஒரே நொடியில் இரண்டு த்ரெட்கள் (ஒரே புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி வேலைகள்) உள்ளே வருகின்றன என்று வையுங்கள். முதல் த்ரெட் ‘மாறி நல்தானே’ என்று பார்க்கிறது, ஆம். அது உருவாக்கத் தொடங்குவதற்குள் இரண்டாவது த்ரெட்டும் பார்க்கிறது, அப்போதும் நல்தான். இரண்டும் ஆளுக்கொன்று உருவாக்கிவிடும், ஒரே ஆப்ஜெக்ட் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருப்பது உண்மையில் இரண்டு. கெட்இன்ஸ்டன்ஸ் மெத்தடில் சிங்க்ரனைஸ்டு, அதாவது ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு, போட்டால் இது தீரும். ஒவ்வொரு தடவையும் பூட்டித் திறக்க வேண்டாமே என்று சிலர் பூட்டுக்கு வெளியே ஒரு சோதனை, உள்ளே ஒரு சோதனை என்று எழுதினார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பழைய ஜாவாவில் அது தவறு, ஏனென்றால் கன்ஸ்ட்ரக்டர் வேலையை முடிக்கும் முன்பே அந்த ஆப்ஜெக்டின் முகவரி மாறிக்குள் வந்துவிடலாம், இன்னொரு த்ரெட் அதை எடுத்து, பாதி வெந்த சோற்றைப் பரிமாறுவதுபோல் பயன்படுத்திவிடும். 2004இல் வந்த ஜாவா 5இல்தான் நினைவக விதிகளைத் திருத்தினார்கள், அதன் பிறகு அந்த மாறியை வோலடைல் என்று அறிவித்தால் இந்த முறை சரியாக வேலை செய்கிறது. எனக்குப் பிடித்தது இதைவிட எளிய வழி: கிளாஸுக்குள் ஒரு சின்னப் பிரைவேட் ஸ்டாட்டிக் கிளாஸ் வைத்து, ஆப்ஜெக்டை அதன் ஸ்டாட்டிக் மாறியில் உருவாக்கிவிடுங்கள். யாராவது முதலில் தொடும்போதுதான் ஜாவா அந்தச் சின்ன கிளாஸைத் தயார் செய்யும், ஒரே தடவைதான் செய்யும், பூட்டுவதையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது ஓட்டைதான் பலர் கண்ணில் படாதது. ஆப்ஜெக்ட் ஒன்றே ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டாலும் ‘அடுத்த எண்’ கொடுக்கும் மெத்தட் என்ன செய்கிறது? இப்போதைய எண்ணைப் படிக்கிறது, ஒன்று கூட்டுகிறது, திரும்ப எழுதுகிறது. மூன்று படிகள். இரண்டு த்ரெட்களும் 417 என்று படித்துவிட்டால் இரண்டும் 418 என்றுதான் கொடுக்கும். சிங்கிள்டன் என்பது எத்தனை ஆப்ஜெக்ட் என்பதைப் பற்றிய வாக்குறுதி மட்டும்தான், அந்த ஆப்ஜெக்டுக்குள் ஒரே நேரத்தில் எத்தனை பேர் கைவைக்கலாம் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. சொல்லப்போனால் ஒரே ஆப்ஜெக்டாக இருப்பதால்தான் எல்லோரும் அங்கே வந்து முட்டிக்கொள்கிறார்கள். இந்த மூன்றையும் பிரிக்க முடியாத ஒரே படியாகச் செய்யும் அட்டாமிக் இன்டீஜர் வையுங்கள், இல்லையென்றால் அந்த மெத்தடையும் பூட்டுங்கள்.

மூன்றாவது, சர்வர் நடுவில் நின்று மறுபடி ஓடினால்? கடை பெரிதாகி இரண்டு சர்வர் வந்தால்? நினைவகத்தில் இருக்கும் சிங்கிள்டன் ஓர் ஓட்டத்துக்குள், ஒரு ப்ராசஸுக்குள் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம்) மட்டும்தான் ஒன்று. ஜிஎஸ்டி விதிகளில் 46ஆம் விதி, பில் எண் தொடர்வரிசையாக, 16 எழுத்துகளுக்கு மிகாமல், அந்த நிதியாண்டுக்குள் திரும்ப வராததாக இருக்க வேண்டும் என்கிறது. இந்த ‘ஒன்று’ கடையின் கணக்கு முழுவதற்கும் உரிய ஒன்று, ஒரு ப்ராசஸுக்குள் அடங்காது. ஆகவே எண்ணை டேட்டாபேஸில் வையுங்கள். ஆட்டோ இன்க்ரிமென்டை நம்ப வேண்டாம், பில் பாதியில் ரத்தானால் அந்த எண் போனது போனதுதான், வரிசையில் ஓட்டை விழும். ஒரு தனி டேபிளில் கடைசி எண்ணை ஒரு வரியில் வைத்து, பில்லைச் சேமிக்கும் அதே டிரான்சாக்‌ஷனுக்குள் அந்த வரியைப் பூட்டி, கூட்டி, எழுதுங்கள். டேபிளில் பில் எண்ணுக்கான நெடுவரிசைக்கு யூனிக் (திரும்ப வரக் கூடாது என்ற) கட்டுப்பாடும் போட்டுவிட்டால் எங்கே தவறு நடந்தாலும் டேட்டாபேஸ் உடனே கத்தும். இன்னொன்று, அதே விதி ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளையும் அனுமதிக்கிறது. கவுன்ட்டருக்கு ஒரு முன்னெழுத்து கொடுத்து நான்கு வரிசை ஓட்டினால் கூட்ட நேரத்தில் ஒருவருக்காக இன்னொருவர் காத்திருக்கவும் வேண்டாம். முதலில் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: சிங்கிள்டனை உடைப்பது எப்படி என்று இன்டர்வியூவில் கேட்கிறார்கள். எதற்கு உடைக்க வேண்டும்?
வேலை தேடுபவர், சேலம்

ப: உடைக்கச் சொல்லவில்லை, பிரைவேட் என்று எழுதிய பூட்டு எவ்வளவு தூரம் தாங்கும் என்று உங்களுக்குத் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். ரிஃப்ளெக்‌ஷன் (ஓடும்போதே கிளாஸின் உள்ளே துழாவ ஜாவா தரும் வசதி) வழியாகப் பிரைவேட் கன்ஸ்ட்ரக்டரையும் திறந்து அழைத்துவிடலாம். ஆப்ஜெக்டைச் சீரியலைஸ் செய்து, அதாவது பைட்களின் வரிசையாக்கி, கோப்பில் எழுதிவிட்டுத் திரும்பப் படித்தால் உங்கள் கன்ஸ்ட்ரக்டரைத் தொடாமலேயே இரண்டாவது ஆப்ஜெக்ட் வந்து நிற்கும், அதைத் தடுக்க ரீட்ரிசால்வ் என்ற மெத்தடை எழுதிப் பழைய ஆப்ஜெக்டையே திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டு கிளாஸ்லோடர்கள் (கிளாஸை நினைவகத்தில் ஏற்றுபவை) ஒரே கிளாஸை ஏற்றினால் ஆளுக்கொன்று இருக்கும். ஆப்ஜெக்டைப் பிரதியெடுக்கும் குளோன் மெத்தட், நீங்களாக குளோனபிள் என்று அறிவித்தால் ஒழிய ஒன்றும் செய்யாது.

இவற்றில் முதல் இரண்டையும் ஒரே அடியில் அடைக்கும் வழி ‘ஈனம்’ (enum), அதாவது உறுப்புகளை முன்கூட்டியே பட்டியலிட்டுவிடும் ஜாவா கிளாஸ் வகை. ஒரே ஓர் உறுப்பு கொண்ட ஈனமாக எழுதிவிட்டால் ரிஃப்ளெக்‌ஷன் வழியாக உருவாக்க ஜாவா மறுத்துவிடும், சீரியலைஸ் செய்யும்போதும் பெயரை மட்டும்தான் எழுதும். ஜோஷுவா ப்ளாக் தன் ‘எஃபெக்டிவ் ஜாவா’ புத்தகத்தின் 2008 பதிப்பில் பரிந்துரைப்பது இதைத்தான். குறை என்னவென்றால் ஈனம் வேறு கிளாஸிலிருந்து எதையும் மரபாகப் பெற முடியாது. கோட்லினில் எழுதுபவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை, கிளாஸ் என்பதற்குப் பதில் ஆப்ஜெக்ட் என்று எழுதினால் போதும், மொழியே பார்த்துக்கொள்கிறது. கேட்பவர் விட்டால் ஈரோட்டுக்காரருக்குச் சொன்ன த்ரெட் கதையையும் சொல்லுங்கள், வேலையில் நிஜமாக உடைவது அங்கேதான்.

கே: சிங்கிள்டனுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?
தமிழாசிரியை, தஞ்சாவூர்

ப: அந்தச் சொல்லே கணிதத்திலிருந்து வந்ததுதான் அம்மா. ஒரே ஓர் உறுப்பு இருக்கும் கணத்தை நம் பள்ளிப் புத்தகத்தில் ‘ஓருறுப்புக் கணம்’ என்று பிள்ளைகள் படிக்கிறார்கள், ஆங்கிலத்தில் அதன் பெயர் சிங்கிள்டன். ஆகவே ‘ஓருறுப்பு வடிவமைப்பு’ என்று சொன்னால் பொருள் சரியாக உட்காரும், ஏற்கெனவே பழகிய சொல்லும்கூட. அலுவலகத்தில் எல்லோரும் சிங்கிள்டன் என்றுதான் சொல்வார்கள், வகுப்பில் இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.

கே: பைத்தானில் சிங்கிள்டன் எழுதினேன். செட்டிங்ஸை ஏற்றிய பிறகு, இன்னொரு இடத்தில் அதே கிளாஸை அழைத்ததும் எல்லாம் பழைய மதிப்புக்குப் போய்விடுகிறது.
டேட்டா பயிற்சி மாணவி, சென்னை

ப: நீங்கள் ‘நியூ’ என்ற சிறப்பு மெத்தடை மாற்றி எழுதியிருப்பீர்கள், அது பழைய ஆப்ஜெக்டையே சரியாகத் திருப்பியும் கொடுக்கும். ஆனால் பைத்தான் அத்தோடு நிற்காமல், கிடைத்த ஆப்ஜெக்ட் அதே கிளாஸைச் சேர்ந்ததாக இருந்தால் அதன் மேல் ‘இனிட்’ மெத்தடை ஒவ்வொரு தடவையும் ஓட்டும். இனிட்டுக்குள் தொடக்க மதிப்புகளை எழுதியிருந்தால் ஒவ்வொரு அழைப்பிலும் துடைத்து எழுதிவிடும்.

இதற்கு ஒட்டுப் போடுவதைவிட, பைத்தானில் கிளாஸே வேண்டாம் என்பேன். செட்டிங்ஸை ஒரு தனிக் கோப்பில், சாதாரண மாறிகளாக, மெத்தட்களாக எழுதி அதை இம்போர்ட் செய்யுங்கள். ஒரு மாட்யூலைப் பைத்தான் முதல் இம்போர்ட்டில் மட்டும்தான் ஓட்டும், பிறகு எங்கிருந்து கேட்டாலும் அதையே கொடுக்கும். ஒரு எச்சரிக்கை உண்டு: நீங்கள் நேரடியாக ஓட்டும் கோப்பையே வேறொரு கோப்பு இம்போர்ட் செய்தால் அது வேறு பெயரில் இரண்டாவது தடவை ஏறும், ஆகவே செட்டிங்ஸை முதன்மைக் கோப்பில் வைக்காதீர்கள். வெப் சர்வரில் நான்கு ஒர்க்கர் ப்ராசஸ் ஓடினால் நான்கு பிரதிகள் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். மற்றபடி நீங்கள் தினமும் எழுதும் ‘நன்’ (None, ஒன்றுமில்லை என்ற மதிப்பு)கூட ஒரு சிங்கிள்டன்தான், அதனால்தான் அதைச் சமக்குறியால் ஒப்பிடாமல் ‘இஸ்’ போட்டு ஒப்பிடச் சொல்கிறார்கள்.

கே: எங்கள் டீம் லீட், சிங்கிள்டனைக் கண்டாலே ரிவ்யூவில் திருப்பி அனுப்புகிறார். புத்தகத்தில் இருப்பதை எழுதினால் தவறா?
மென்பொருள் பொறியாளர், பெங்களூரு

ப: புத்தகம் என்று நீங்கள் சொல்வது எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடஸ் நால்வரும் எழுதி 1994இல் வந்த ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ என்று நினைக்கிறேன். அதில் உள்ள 23 பேட்டர்ன்களில் சிங்கிள்டனும் ஒன்று, படித்தவுடன் புரிந்துவிடும் என்பதால் எல்லோரும் முதலில் அதைத்தான் எடுத்துப் பயன்படுத்தினார்கள். ஆனால் 2009இல் ஒரு நேர்காணலில், அந்தப் பட்டியலைத் திருத்தினால் எதை எடுப்பீர்கள் என்ற பேச்சு வந்தபோது, எடுக்க வேண்டியது சிங்கிள்டன் என்றவர் அதே எரிக் காமா. ஆகவே உங்கள் லீட் தனி ஆள் இல்லை.

காரணம் எனக்குப் பட்டுத் தெரிந்தது. நான் வேலை பார்த்த ஒரு புராஜெக்டில் வரி விகிதம், தள்ளுபடி எல்லாம் ஒரு செட்டிங்ஸ் சிங்கிள்டனுக்குள் இருந்தன. டெஸ்ட்களை ஒவ்வொன்றாக ஓட்டினால் எல்லாம் பச்சை, மொத்தமாக ஓட்டினால் ஒன்று மட்டும் சிவப்பு, அதுவும் என் மெஷினில் இல்லை, பில்ட் மெஷினில் மட்டும். இரண்டு நாள் போனது. கடைசியில் பார்த்தால் எங்கோ ஒரு டெஸ்ட் தள்ளுபடியைப் பூஜ்யமாக்கிவிட்டுத் திரும்ப வைக்காமல் போயிருந்தது, அதற்குப் பின்னால் ஓடிய டெஸ்ட் அந்த எச்சத்தோடு ஓடியிருக்கிறது, பில்ட் மெஷினில் ஓடும் வரிசை வேறு. அந்த மெத்தடின் தலைப்பைப் பார்த்தால் பொருள்களின் பட்டியலை வாங்கி மொத்தத் தொகையைக் கொடுக்கும் என்றுதான் இருந்தது, உள்ளே போய் செட்டிங்ஸைத் தொடுகிறது என்பதற்கு வெளியில் ஓர் அடையாளமும் இல்லை. எனக்கு சிங்கிள்டனில் பிடிக்காதது இதுதான். ஒன்று இருப்பதில் எனக்குக் குறை இல்லை, எந்த மூலையிலிருந்தும் யாரும் சொல்லாமல் கொள்ளாமல் அதை எடுக்க முடிவதுதான் குறை.

சரி, என்ன செய்யலாம்? இரண்டையும் பிரித்துவிடுங்கள். புரோகிராம் தொடங்கும் இடத்தில் செட்டிங்ஸ் ஆப்ஜெக்டை ஒரு தடவை உருவாக்கி, தேவைப்படும் கிளாஸ்களுக்குக் கன்ஸ்ட்ரக்டர் வழியாகக் கையில் கொடுங்கள். அப்போதும் ஓடும்போது ஒன்றுதான் இருக்கும், ஆனால் டெஸ்ட் எழுதும்போது ஒவ்வொரு டெஸ்டுக்கும் புதிதாக ஒன்று கொடுக்கலாம், யார் எதை நம்பியிருக்கிறார்கள் என்பதும் கன்ஸ்ட்ரக்டரைப் பார்த்தாலே தெரியும். ஜாவாவில் பலர் பயன்படுத்தும் ஸ்பிரிங் ஃப்ரேம்வொர்க் செய்வது இதைத்தான், அங்கே ஒரு பீனின் (ஸ்பிரிங் உருவாக்கித் தரும் ஆப்ஜெக்ட்) இயல்பான ஸ்கோப்பின் பெயரும் சிங்கிள்டன். அது ஒரு கன்டெய்னருக்குள் ஒன்று என்று பொருள், நீங்கள் தனியாக நியூ போட்டால் அது தடுக்காது.

லாக் எழுதும் ஆப்ஜெக்ட்போல, அதன் நிலை மாறினாலும் கணக்கின் விடை மாறாத இடத்தில் நான் இன்னமும் சிங்கிள்டன் எழுதுகிறேன். விடை மாறுமென்றால் எழுதுவதில்லை. உங்கள் லீடிடம் இந்த எல்லைக்கோட்டைக் காட்டிப் பேசிப் பாருங்கள், எல்லாவற்றையும் திருப்பி அனுப்பத் தேவையில்லை என்பதை அவரும் ஒப்புக்கொள்ளலாம்.

கே: என் ஆண்ட்ராய்டு செயலியில் லாகின் செய்தவரின் விவரத்தை ஒரு சிங்கிள்டனில் வைத்திருக்கிறேன். சிலருக்கு மட்டும், வேறு செயலிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் பெயர் காணாமல் போகிறது, சில சமயம் செயலியே மூடிக்கொள்கிறது. என் போனில் ஒரு தடவைகூட வரவில்லை.
செயலி எழுதுபவர், மதுரை

ப: உங்கள் போனில் நினைவகம் தாராளமாக இருக்கும். விலை குறைந்த போன்களில் பின்னணிக்குப் போன செயலியின் ப்ராசஸை ஆண்ட்ராய்டு கொன்றுவிடும், சிங்கிள்டனும் அதோடு போய்விடும். திரும்ப வரும்போது ஆண்ட்ராய்டு செயலியை முதல் திரையிலிருந்து தொடங்குவதில்லை, பயன்படுத்தியவர் விட்டுப்போன திரையையே நேராகக் கொண்டுவந்து நிறுத்துகிறது. உங்கள் சிங்கிள்டனை நிரப்புவது லாகின் திரை, அது இந்தத் தடவை ஓடவே இல்லை, ஆகவே புதிதாகப் பிறந்த சிங்கிள்டன் காலியாக இருக்கிறது.

லாகின் விவரத்தை டேட்டாஸ்டோரிலோ (சின்னத் தகவல்களைக் கோப்பில் சேமிக்கும் ஆண்ட்ராய்டு வசதி) டேட்டாபேஸிலோ எழுதுங்கள், சிங்கிள்டன் அங்கிருந்து தானே படித்துக்கொள்ளட்டும், எந்தத் திரை முதலில் வந்தாலும் அது நிரம்பியிருக்கும். ஆண்ட்ராய்டின் ‘ரூம்’ நூலகம் தரும் டேட்டாபேஸ் ஆப்ஜெக்டைச் சிங்கிள்டனாக வைப்பதில் தவறில்லை, அதை உருவாக்குவது செலவான வேலை என்பதால் கூகுளின் வழிகாட்டியே அப்படித்தான் சொல்கிறது, அது போனாலும் தகவல் கோப்பில் பத்திரமாக இருக்கும். சோதித்துப் பார்க்க, செயலியைத் திறந்து உள்திரை ஒன்றுக்குப் போய், ஹோம் பட்டனை அழுத்திவிட்டு, கம்ப்யூட்டரிலிருந்து ஏடிபி (போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) ஷெல்லில் ‘ஏஎம் கில்’ கட்டளையை உங்கள் பேக்கேஜ் பெயரோடு கொடுங்கள். பிறகு சமீபத்திய செயலிகள் பட்டியலிலிருந்து திறந்தால், வாடிக்கையாளர் சொன்ன பிழை உங்கள் போனிலும் வரும்.